உள்ளே இருந்ததற்கு என்ன சாட்சி?

வக்கீல் தொழிலில் ஜாமீன் வாங்கி ஆளை வெளியே கொண்டுவருவது பெரிய வித்தை இல்லை. அந்த ஆள் உள்ளே இருந்தார் என்று நிரூபிப்பதுதான் வித்தை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஸ்டேஷன் வாசல்களில் கால் கடுக்க நின்ற சக வக்கீல்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்று நாள் எங்கே?

காசிமேட்டில் விசைப்படகு டிரைவர் தேசப்பனை, வலை திருடினார் என்ற சந்தேகத்தில் செவ்வாய்க்கிழமை காலை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். வெள்ளிக்கிழமை காலை அவரை எண்ணூர் நெடுஞ்சாலையில் மடக்கிப் பிடித்ததாக எழுதினார்கள். ஆளை உள்ளே உட்காரவைத்துவிட்டு ரோட்டில் பிடிக்கிற திறமை எல்லோருக்கும் வராது.

வலை வேறொருவர் கொட்டகையில் கிடைத்தது. திருட்டு வழக்கு தள்ளுபடியானது. ஆனாலும் படகு ஓனர் தேசப்பனை வேலைக்கு எடுக்கவில்லை. போலீஸ் காகிதப்படி வெள்ளிக்கிழமை வரை அவர் ஸ்டேஷனில் இல்லை. அப்படியானால் மூன்று நாள் எங்கே ஒளிந்திருந்தார் என்று ஓனர் கேட்டார். ஸ்டேஷனில்தான் இருந்தார் என்று கோர்ட் எழுதித் தந்தால் மறுபடி படகில் ஏற்றிக்கொள்வாராம். மீன் விற்கும் தேசப்பனின் மனைவி கௌரி என்னிடம் வந்தார். சட்டவிரோதக் காவல் என்று வழக்குப் போடலாம், ஆனால் காவலில் இருந்ததை முதலில் நாம்தான் நிரூபிக்க வேண்டும் என்றேன். கௌரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அல்லா பொம்பளயும் எம் புருசன் டேசனுக்கே போவலன்னு சத்தியம் பண்ணுவா. நா இன்னா சார், போனான்னு பண்ணணுமா?"

குணமான கேமரா

ஸ்டேஷன் கேமரா பதிவைக் கேட்டு மனுப் போட்டேன். செவ்வாய் முதல் வியாழன் வரை கேமரா பழுது என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமை காலை, யாரும் தொடாமலேயே குணமாகிவிட்டதாம். நேரில் போய்ச் சண்டை போட்டேன். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் ஏட்டு கோபப்படவே இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு அன்பாகச் சொன்னார்:

"ஆள் உள்ள இருந்தார்னு சொல்றது நீங்க. அப்ப கேமராவும் நீங்கதானே சார் வெச்சிருக்கணும்?"

துவைத்த லுங்கி

தேடிய ஆதாரம் அதே ரைட்டர் கையெழுத்தில் இருந்தது. புதன்கிழமை, மீன் வாடை தாங்காமல், தேசப்பனின் சட்டையையும் லுங்கியையும் துவைத்துக் கொண்டுவரச் சொல்லிக் கௌரியிடம் கொடுத்திருக்கிறார்கள். எதைக் கொடுத்தாலும் எழுதி வாங்குவது ரைட்டரின் பழக்கம். 'தேசப்பனின் சட்டை ஒன்று, லுங்கி ஒன்று பெற்றுக்கொண்டேன்' என்று தேதி, நேரம், முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொண்டு, கார்பன் நகலைக் கௌரிக்கே கொடுத்திருக்கிறார். ஆதாரம் இருக்கிறதா என்று நான் பத்துத் தடவை கேட்டும் கௌரி அதைக் காட்டவில்லை; ஒருநாள் அவர் சுருக்குப்பையிலிருந்து தானாக விழுந்தபோதுதான் பார்த்தேன். துணி துவைக்கக் கொடுத்த சீட்டெல்லாம் ஆதாரம் என்று எந்தப் பெண்ணுக்குத் தோன்றும்?

கோர்ட்டில் சீட்டை நீட்டியதும், வெள்ளிக்கிழமைக்கு முன் தேசப்பன் ஸ்டேஷனுக்கு வரவே இல்லை என்று சொல்லிவந்த இன்ஸ்பெக்டர் கூண்டிலேயே பல்டி அடித்தார். தேசப்பன் விசாரணைக்குத் தானாக வந்தாராம், கதவு திறந்தே இருந்ததாம், எப்போது வேண்டுமானாலும் போயிருக்கலாமாம். லுங்கி கௌரியிடம் இருந்தபோது அவர் என்ன உடுத்தியிருந்தார் என்று நீதிபதி அம்மா கேட்டார். ஜட்டி என்று சொல்ல இன்ஸ்பெக்டருக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தக் கோலத்தில் தெருவில் இறங்கி நடக்க அவருக்கு முழுச் சுதந்திரம் இருந்தது என்கிறீர்கள்?"

ஓனர் படித்த தீர்ப்பு

தேசப்பன் மூன்று நாளும் காவலில் இருந்தார். அது சட்டப்படிதான் என்று காட்ட வேண்டியது போலீஸ். அவர்கள் எதையும் காட்டவில்லை. தீர்ப்பு அவ்வளவுதான். நான்கு வருஷ அலைச்சலுக்குப் பிறகு கௌரி அன்றுதான் சிரித்தார்.

மறுநாள் தீர்ப்பு நகலோடு மூவரும் காசிமேட்டுக்குப் போனோம். தேசப்பன் புதுச்சட்டை போட்டிருந்தார். ஓனர் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து ஒரு பக்கம் விடாமல் படித்தார். படித்துவிட்டு அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நகலைப் பிடுங்கிக் கடலில் எறிந்திருப்பேன்.

"அப்ப மூணு நாளு டேசன்ல இருந்தது நெசந்தான்னு கோர்ட்டே சொல்லிகீது. டேசனுக்குப் போன ஆள எப்டி நைனா படகுல ஏத்துறது?"

நிரூபிக்க வேண்டியது போலீஸ்தான் என்று கோர்ட்டில் தீர்ப்பு வாங்கிவிட்டோம். காசிமேட்டில் மட்டும் இன்னும் தேசப்பன்தான் நிரூபித்துக்கொண்டிருக்கிறார்.