ஐந்து டின் பழைய ஆயிலோடு சிதம்பரம் போய் வந்த கதை

கடலூரிலிருந்து சிதம்பரம் போவது பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் கோயிலையும் பிச்சாவரத்தையும் எழுதிவிட்டார்கள். எழுதட்டும், நல்ல இடங்கள்தான். நான் அந்தச் சாலையில் முதன்முதலாகப் போனது சாமி கும்பிட இல்லை. எங்கள் மீன்பிடிப் படகுகளின் கழிவு ஆயிலைக் கருவாட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன். அறுபதுகளின் நடுவில், ஒரு தை மாதம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் இருக்கும்.

ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். கடலூர் முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றில் பெண்கள் நாங்கள் இறால் பிடிப்போம். வலை கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவிப் பிடித்து, பறியில் போடுவோம். பறி என்பது பனை ஓலையில் பின்னிய சின்னக் கூடை. இரண்டு கையும் வேலையாக இருப்பதால் அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வோம். பறி பாதி தண்ணீரில் மிதக்கும். அதனால் ஆற்றில் எது கலந்தாலும் முதலில் எங்கள் வாய்க்குத்தான் தெரியும்.

அந்தக் காலத்தில்தான் இன்ஜின் வைத்த படகுகள் வந்தன. எங்கள் கரையில் ஐந்து. அதில் ஒன்றை ஓட்டியவர் என் வீட்டுக்காரர். இன்ஜின் வந்த பெருமையில் ஆண்களுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. ஆயில் கறுத்துப்போனால் வடித்து அப்படியே ஆற்றில் ஊற்றுவார்கள். கொஞ்ச நாளில் பறியைக் கடித்தாலே நாக்கில் கசப்பு. இறாலை ஏலக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, மெக்கானிக் ஷாப்புல புடிச்சியா?" என்று திருப்பிக் கொடுத்தார். நான் நேரே படகுத்துறைக்குப் போய், என் வீட்டுக்காரர் காலடியில் கறுப்பாகத் துப்பினேன். "பாத்துக்கோ மாமா, ஒன் இன்ஜின் எண்ணெய் என் வாயிலதான் இருக்குது" என்றேன். மனுஷன் அன்று சாப்பிடவில்லை.

கருவாட்டு லாரி ஓட்டும் கோவிந்தசாமி அண்ணன்தான் வழி சொன்னார். சிதம்பரத்தில் ஒரு பாய் ஷெட் போட்டுப் பழைய ஆயில் வாங்குகிறார், தெளியவைத்து மெட்ராஸுக்கு அனுப்புகிறார், அங்கே சுத்தம் பண்ணித் திரும்ப ஆயிலாக்குகிறார்கள் என்றார். தன் லாரி ஆயிலையும் அங்கேதான் கொடுப்பாராம்.

கரையில் பெரியவர் வேலாயுதம் பெரியப்பா. இரண்டு படகுக்கு ஓனர். அவர் சொன்னால் மற்ற படகுக்காரர்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். ஆயிலை ஆற்றில் ஊற்றாமல் சேர்த்துச் சிதம்பரம் கொண்டுபோகலாம் என்று அவரிடம் போய்ச் சொன்னேன். "ஒரு தடவ சேத்து வெச்சுப் பாக்கலாம். அந்த பாய் வாங்கினா சரி. வாங்கலனா அடுத்த ஆயில் ஆத்துலதான், அப்புறம் நீ வாயத் தொறக்கக் கூடாது" என்று முடித்துவிட்டார். ஆக, எங்கள் ஆறு அந்த ஒரு பயணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்ஜின் சூடு ஆறுவதற்குள் வடித்தால்தான் அடிக்கசடோடு முழுசாக இறங்கும். பாதியாக வெட்டிய தகர டின்னை அடியில் வைத்துப் பிடித்தோம். பிறகு படகுக்கு ஒரு மண்ணெண்ணெய் டின். மரக்கட்டையில் துணி சுற்றி அடைப்பு, மழை படாமல் மேலே சாக்கு. கீற்றுக் குடிசைகளுக்கும் அடுப்புக்கும் எட்டத்தில், நிழலில், மணலைக் குழித்து உட்காரவைத்தேன். ஒரே பீப்பாயில் எல்லாவற்றையும் ஊற்றிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் மல்லுக்கு நின்றார். "முடியாது மாமா, அவங்கவங்க படகு அவங்கவங்க டின்னு" என்று சொல்லி, அந்தந்தப் படகின் வலைக்கயிற்றில் ஒரு துண்டு வெட்டி டின் காதில் கட்டினேன். எங்கள் படகுக் கயிற்றுக்குச் சிவப்புச் சாயம். பிடிவாதக்காரி என்று கரை முழுக்கப் பேர் வந்தது. வரட்டுமே.

விடிகாலை ஐந்து மணிக்கு லாரி கிளம்பியது. மொத்தம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், இப்போது பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். அன்றைக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே ஐந்து டின்னையும் நிறுத்தி, அசையாமல் வைக்கோல் திணித்து, நான் காவலுக்குப் பின்னால் ஏறிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் முன்னால் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆலப்பாக்கம் தாண்டும்போது கிழக்கே வெளுத்தது. புதுச்சத்திரத்தில் டீ. கருவாட்டு நாற்றத்தோடு குடித்த அந்த டீ மாதிரி இன்றுவரை நான் குடித்ததில்லை, போங்கள். முட்லூர் வந்து, புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலம் ஏறி, வயல்களுக்கு நடுவே போனோம். தூரத்தில் கோபுரம் தெரிந்தபோது கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமி, அந்த பாய் நல்ல மூடுல இருக்கணும்" என்று வேண்டிக்கொண்டேன்.

பாய் நாற்பது வயசு ஆள். பேச்சு குறைவு, கண் கூர்மை. ஷெட்டுக்கு வெளியே ஒரு அடுப்பில் இரும்புத் தகடு காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு டின்னிலும் கம்பி விட்டு அடியிலிருந்து எடுத்துத் தகட்டில் ஒரு சொட்டு விட்டார். தண்ணீர் கலந்திருந்தால் சடசடவென்று வெடிக்குமாம். முதல் டின், சத்தமில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவதும் இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

ஐந்தாவதில் சொட்டு விழுந்ததும் புகை எழும்பியது. பாய் மூக்கைச் சுளித்தார். லாரிப் பக்கம் பார்த்தார், அங்கே கருவாடு. மறுபடி ஒரு சொட்டு விட்டுக் குனிந்து முகர்ந்தார்.

"லாரி நாத்தம் இல்ல. இதுல மீன் எண்ணெ கலந்திருக்குது" என்றார்.

நான் டின் காதைப் பார்த்தேன். சிவப்புக் கயிறு. எங்கள் வீட்டு டின்!

என் வீட்டுக்காரர் மெல்ல முன்னால் வந்தார். நாங்கள் படகு மரத்துக்குப் பூச மீன் எண்ணெய் வைத்திருப்போம். அது இல்லாத படகுக்காரர் வீடே எங்கள் பக்கம் கிடையாது. முதல்நாள் எங்கள் ஆயில் டின் ஒழுகியிருக்கிறது. இவர் மீன் எண்ணெய் டின்னைக் காலி பண்ணி, எனக்குத் தெரியாமல் ஆயிலையும் கயிற்றையும் அதற்கு மாற்றியிருக்கிறார். எண்ணெய் டின்னில்தானே எண்ணெய் ஊற்றுகிறோம் என்று நினைத்தாராம்.

"சாம்பல் போட்டு மூணு தடவ தேச்சேன் பாய்" என்றார்.

"முப்பது தடவ தேச்சாலும் தகரம் மறக்காது மச்சான். இத வாங்கினா என் தொட்டி மொத்தமும் கெட்டுடும்."

நான் மற்ற டின்களைக் காட்டினேன். "அப்ப மத்த நாலும்?" என்று கேட்டேன்.

பாய் என்னைப் பார்த்தார். "அதுங்க நல்லா இருக்குது, எறக்கச் சொல்லுங்க. யாரு தனித்தனியா வெச்சது?"

"நான்தான்."

"எல்லாத்தையும் ஒண்ணா ஊத்திருந்தா ஒரு சொட்டுகூட தொட்டிருக்க மாட்டேன். இதே மாரி கொண்டாங்க தங்கச்சி, எப்பவும் எடுத்துக்கறேன்."

ஐயோ, அந்த நேரத்தில் எனக்கு வந்த பெருமை இருக்கிறதே! நடராஜர் கோயில் நான்கு கோபுரத்துக்கும் மேலே நின்ற மாதிரி இருந்தது. பீப்பாய்க்காக மல்லுக்கு நின்றவரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் அவசரமாக லாரி டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார்.

கெட்டுப்போன டின்னோடு திரும்பினோம். வெள்ளாற்றுப் பாலத்தில் அண்ணன் லாரியை ஓரங்கட்டினார். "பாக்கியம், இத எதுக்குச் சொமந்துக்கினு போற? இங்கயே கவுத்துட்டு வா. காலி டின்னோட போனா ஊர்ல ஒரு பேச்சு இருக்காது" என்றார்.

என் வீட்டுக்காரரும் இறங்கி வந்து டின்னுக்குக் கை நீட்டினார். அவருக்கு அந்த டின் கரைக்கு வராமல் இருந்தால் நிம்மதி. எனக்கும் தெரியும், டின்னைப் பார்த்ததும் பெரியப்பா என்ன சொல்வார் என்று. பாலத்துக் கீழே எட்டிப் பார்த்தேன். ஓரத்தில் இரண்டு பொம்பளைகள் தண்ணீரில் குனிந்து தடவிக்கொண்டிருந்தார்கள். வாயில் பறி.

"வண்டிய எடு அண்ணா" என்றேன். "அவளுங்க வாயில நான் ஊத்த மாட்டேன்."

கடலூர் வரை அந்த டின்னை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

நினைத்த மாதிரியே ஆயிற்று. லாரியிலிருந்து டின் இறங்கியதும் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டு, "நான் அப்பவே சொல்லல?" என்று ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றார்.

"நாலு டின்ன வாங்கிக்கினாரு. இது எங்க டின்னு. மீன் எண்ணெ டின்னுல ஊத்தினது நான். தனித்தனியா வெக்கச் சொன்னது இவ. இவ பேச்சக் கேட்டதாலதான் நாலும் தப்பிச்சிது. வழியில ஆத்துல ஊத்தச் சொன்னாங்க, இவ ஊத்தல."

ஊர் நடுவில், அத்தனை ஆம்பளைகள் எதிரில், அப்படிச் சொன்னார். பெரியப்பா டின்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, இனிமே இவ சொல்ற டின்னுல ஊத்துங்கடா" என்றார். என் வீட்டுக்காரருக்கு அன்றிலிருந்து 'மீன் எண்ணெய்' என்ற பட்டப்பேர் நிலைத்துவிட்டது. அந்த டின் ஆயில் மாட்டு வண்டி அச்சுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்த் தீர்ந்தது.

இனி பயணம் போகிறவர்களுக்கு. காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். வெயில் ஏறினால் சிதம்பரம் வீதிகளில் கால் வைக்க முடியாது. பிச்சாவரம் போகிறவர்கள் படகுக்குக் கூட்டம் சேருமுன் போய்விடுங்கள். சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு இன்னொன்று. ஆயில் மாற்றினால் பழைய ஆயில் எங்கே போகிறது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். வீட்டிலேயே மாற்றினால் வேறெதுவும் வைக்காத, இறுக்கி மூடுகிற கேனில் பிடியுங்கள். தண்ணீர், பெட்ரோல், சமையல் எண்ணெய் எதுவும் கலக்கக் கூடாது. மேலே பேர் எழுதி, குழந்தைகள் கைக்கும் நெருப்புக்கும் எட்டாமல் வைத்து, அனுமதி பெற்று வாங்குகிற இடத்தில் கொடுங்கள். நாங்கள் செய்த மாதிரி வண்டி அச்சுக்குப் பூசாதீர்கள், மழையில் அதுவும் மண்ணுக்குத்தான் போகும்.

உப்பனாற்றில் இப்போது வேறு என்னென்னவோ கலக்கிறது. அதை நினைத்தால் வயிறு எரிகிறது, ஆனால் அதற்காக நாங்கள் செய்தது இல்லையென்று ஆகிவிடாது. அந்த வருஷம் சித்திரை பிறந்து ஒரு காலை ஆற்றில் இறங்கினேன். பயந்துகொண்டே பறியைக் கடித்தேன். பனை ஓலை வாசம் வந்தது. நாக்கை ஓட்டிப் பார்த்தேன். உப்பு. வெறும் உப்பு. கரையில் நின்ற என் வீட்டுக்காரர், "எப்படிடி இருக்குது?" என்று கத்தினார். வாயில் பறி இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. அழுதுகொண்டே தலையை ஆட்டினேன்.