ஐந்து வோல்ட் அமைதி

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவனுக்குச் சூடு, சத்தம் என்று இரண்டு எதிரிகள். ஒன்றை விரட்டினால் மற்றது வந்து உட்கார்ந்துகொள்ளும். தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகச் சென்னையில் அலைந்த சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

தேங்காய்ப்பூத் துண்டு

மயிலாப்பூரில் ஓய்வுபெற்ற ஆடிட்டர் ஒருவர். கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் கால் கழுவாமல் யாரையும் விடமாட்டார். ப்ராசஸர் மேலிருக்கும் ஃபேன் மிக்ஸி மாதிரி இரைகிறது என்று இரண்டு முறை போன் செய்தார். "பழகிடும் சார்" என்று சொல்லித் தட்டிக் கழித்தேன்.

மூன்றாவது போன், மெஷின் பாதியில் நின்றுவிடுகிறது என்று. போய்ப் பார்த்தால், பெட்டியின் மேல் தேங்காய்ப்பூத் துண்டு ஒன்றை நான்காக மடித்துப் போர்த்தியிருந்தார். காற்று போகிற வழியெல்லாம் அடைப்பு. பெட்டியைத் தொட்டதும் கை சுட்டது. துண்டு போடலாமா என்று நான் கேட்டதுதான் தாமதம், பிடித்துக்கொண்டார்: "நீர் ஒரு வழியும் சொல்லலை, நானா ஒண்ணு பண்ணிண்டேன்!"

பாய் சொன்னது

எங்கள் தி.நகர் கடையில் பஷீர் பாய் எனக்கு சீனியர். கத்துகிற ஃபேனில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுவார். ஒரு மாதம் வாயைத் திறக்காது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

நிரந்தரமான வழி ஒன்று ஷோகேஸிலேயே இருந்தது. ப்ராசஸரின் சூட்டை இழுத்துக்கொள்ளும் கனமான அலுமினியக் கூலர், அதன் மேல் மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன். விலைதான் சாதாரண ஃபேனைப் போல மூன்று மடங்கு. எங்கள் வாடிக்கையாளர்களுக்குக் கட்டுப்படியாகாது என்று நானே தீர்மானித்து, யாருக்கும் அதைக் காட்டுவதில்லை. பாய்க்கு அது பிடிக்காது. "இன்னா நைனா, மூஞ்சப் பாத்தே பாக்கெட்ட எண்ணிடுற? ஒரு வாட்டி கேட்டுத்தான் பாரேன்."

மந்தைவெளி சாந்தி

சாந்திக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். கணவருக்கு முதுகில் அடிபட்டு வேலை போயிருந்தது. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்கும் வேலை சாந்திக்குக் கிடைப்பதாக இருந்தது, வீட்டிலிருந்தே செய்யலாம். அதற்கு முன் மூன்று வாரம் பரீட்சை. ஃபேன் இரைச்சலில் டாக்டர்கள் முணுமுணுப்பது காதில் விழவில்லை, தப்புத் தப்பாக அடிக்கிறேன், விலை குறைவாக ஏதாவது செய்யுங்கள் என்று பெட்டியை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஷோகேஸ் பக்கம் நான் திரும்பக்கூட இல்லை. பன்னிரண்டு வோல்ட்டில் சுற்ற வேண்டிய ஃபேனை ஐந்து வோல்ட் ஒயரில் இணைத்துவிட்டேன். வேகம் பாதியானது, சத்தம் போயே போச்சு. செலவும் இல்லை. கடையின் ஏசியில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. எனக்கு ஒரே பெருமை. ஹெட்போனை மாட்டிப் பார்த்த சாந்தி சிரித்துவிட்டார். "சார், இப்போ டாக்டர் மூச்சு விடறதுகூடக் கேக்குது!"

கத்திரி

அவர் வீடு மொட்டைமாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ். அதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. பரீட்சையின் கடைசி நாள் கத்திரி வெயிலில் வந்தது. மாலை நான்கு மணிக்குள் ஃப்ளாப்பியைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பாதி வேகத்தில் சுற்றிய ஃபேன் அந்தச் சூட்டுக்குப் போதாமல், மெஷின் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உறைந்து நின்றிருக்கிறது. பெட்டியைத் திறந்து வைத்து, கணவர் விசிறிமட்டையால் வீச வீச சாந்தி டைப் அடித்திருக்கிறார். ஆறு மணிக்குத்தான் முடிந்ததாம். வேலை வேறு யாருக்கோ போய்விட்டது.

மறுநாள் கடைக்கு வந்தார். சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் என்ன செய்தேன் என்று ஒளிக்காமல் சொன்னேன். ஷோகேஸிலிருந்த கூலரை எடுத்து, விலை அதிகமென்றுதான் இதைக் காட்டவில்லை என்றேன். அவர் அதைக் கையில் வாங்கி, அடியில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்தார். "இவ்வளவுதானா சார்? தோட்டை அடகு வெச்சாவது வாங்கியிருப்பேனே. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அதற்கப்புறம் கடைக்கு யார் வந்தாலும் மூஞ்சியைப் பார்க்காமல் முதலில் விலைப்பட்டியலை நீட்ட ஆரம்பித்தேன். மரியாதை தெரியாதவன் என்று பெயர் வந்தது, வந்துவிட்டுப் போகட்டும்.