உப்புக் கரித்த பனிக்கட்டி

அலுவலகத்தில் என் சித்தியை ‘ஜீரோ அக்கா’ என்பார்கள். கடல் மிதவைகளில் பொருத்தும் வெப்பமானிகளுக்குப் பூஜ்யம் எது என்று காட்டிக்கொடுப்பது அவர் வேலை. தூய நீரில் உறைந்த பனிக்கட்டியைப் பொடித்துக் குடுவையில் நிரப்பி, வெப்பமானியை அதில் நிறுத்துவார். அங்கே அது எந்த இடத்தில் நிற்கிறதோ அதைப் பூஜ்யமாக வைப்பார். இருபத்திரண்டு வருடப் பழக்கம். வீட்டில் சித்தப்பா காபி ஆறிவிட்டது என்றால், எத்தனை டிகிரி என்று கேட்பவர்.

நான் அதே கட்டடத்தில் மேல்மாடி. செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கருவி மேலிருந்து கடலின் வெப்பத்தைப் பார்க்கிறது. அது பார்ப்பது சரிதானா என்று மிதவைகளின் அளவோடு ஒப்பிடுவது என் வேலை.

புதிதாக விட்ட பன்னிரண்டு மிதவைகளையும் ஒப்பிட்டபோது, கருவி 0.3 டிகிரி குறைவாகக் காட்டியது. பன்னிரண்டும் ஒரே வாயாகச் சொன்னால் யார் மறுப்பது? கருவி பிசகிவிட்டது என்று முடிவாயிற்று. அதன் கணக்கில் 0.3 கூட்டச் சொல்லும் உத்தரவு வியாழக்கிழமை மூன்று மணிக்குப் போக இருந்தது. போய்விட்டால், அதன்பின் வெளியாகும் கடல் வெப்பம் அத்தனையும் அந்தக் கணக்குப்படிதான்.

சித்திக்குப் பெருமை தாங்கவில்லை. “அவ்வளவு உசரத்துல போய் உக்காந்துக்கிட்டு பார்க்குது. என் குடுவைகிட்ட தோத்துடுச்சு பார்த்தியா?” என்றார்.

வியாழன் மதியம் அவரைச் சாப்பிடக் கூப்பிடக் கீழே போனேன். மேசைத் தட்டில் பொடித்த பனிக்கட்டி இருந்தது. வெயிலில் தொண்டை வறண்டிருந்ததால் ஒரு துண்டை வாயில் போட்டேன். லேபில் எதையும் வாயில் வைக்காதே என்று அதட்டினார். நான் கேட்கவில்லை. இன்னொரு துண்டை எடுத்துப் போட்டேன்.

“சித்தி, இது கரிக்குது.”

“உன் கை வேர்வையா இருக்கும்.”

ஆனாலும் அவரும் ஒரு துண்டை நாக்கில் வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கை மட்டும் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் பனிக்கட்டி இயந்திரம் பழுதாகிவிட்டது. துறைமுகத்து ஐஸ் ஆலையிலிருந்து பாளங்கள் வாங்கி, உறைபெட்டியில் அடுக்கி, அவற்றில்தான் பன்னிரண்டு வெப்பமானிகளுக்கும் பூஜ்யம் வைத்திருந்தார். சரிபார்க்கும் மூல வெப்பமானி அப்போது பரிசோதனைக்காக வெளியே போயிருந்தது. அந்த ஆலையில் தண்ணீர் நிரப்பிய தகர அச்சுகளை உப்புநீர்த் தொட்டியில் இறக்கித்தான் உறையவைப்பார்கள். அச்சில் எங்கோ ஓட்டை; அதன் வழியே உப்புநீர் கசிந்திருக்கிறது. பாளத்தின் வெளிப்புறத்தைத் தூய நீரில் கழுவினார் சித்தி. உப்பு உள்ளே இருந்தது. உப்புப் பனிக்கட்டி பூஜ்யத்துக்குக் கீழே உருகும். அந்த இடத்தைத்தான் அவர் பூஜ்யம் என்று நம்பி வைத்துவிட்டார். பன்னிரண்டும் 0.3 கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தன.

மணி இரண்டு இருபது. நான் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம். சித்தி தட்டைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்.

பிரிவுத் தலைவர் அவரைப் பார்த்ததும், வெற்றி விழாவுக்கு ஐஸ் மட்டும்தானா என்று சிரித்தார்.

“சார், சாட்டிலைட் சரியாத்தான் சொல்லுது. தப்பு என்னுது. உத்தரவை நிறுத்துங்க.”

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. சித்தி தட்டை நகர்த்தினார். தலைவர் ஒரு துண்டை வாயில் போட்டார். துண்டு கரைந்து முடியும்முன் போனை எடுத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து முதல் மிதவையைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குள் இயந்திரம் சரியாகியிருந்தது; தூய நீரில் பனிக்கட்டி செய்தோம். வெப்பமானியைத் தொட சித்தி மறுத்துவிட்டார். தன் தப்பைத் தானே அளந்தால் யார் நம்புவார்கள் என்று வாசலுக்கு வெளியே போய் நின்றார். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் அது 0.3 காட்டியது. கதவு வழியாக எண்ணைச் சொன்னேன்.

சித்தி உள்ளே வந்து, அறிக்கையில் பிழைக்குப் பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை வைத்து மேலே என்ன முடிவு செய்வார்கள் என்று தெரியாது. நான் வெப்பமானியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“மீதி பதினொன்னையும் நீயே ஐஸ்ல போட்டுப் பாரு” என்றார்.