அந்தப் பெயர் ஊரில் இருக்கிறது

ஐயா, அம்மணி, வணக்கம்.

ஆற்றில் தண்ணீர் வந்து, வாய்க்கால் நிரம்பி, வயலுக்குள் பாய்ந்து, அதுகூட ஒரு நிலைக்கு வந்துவிட்டது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது. நடந்தால்... எங்கே புறப்பட்டோம் என்பது மறந்துபோகிறது. சென்ற வாரம் பூதலூர் ரயில் நிலையம் வரை நடந்து போய், எந்த ரயிலுக்கும் காத்திராமல் திரும்பி வந்தேன். அங்கே பல காலம் சைக்கிள் ஸ்டாண்டு நடத்தியவன் நான். பயணிகள் விட்டுச் சென்ற பத்திரிகைகளைப் படித்துத்தான் எழுதவே கற்றுக்கொண்டேன். ஆகவே எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு.

சில வாரங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் என் தாயாரின் தந்தை வீரையன் அவர்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படிக்கத் தவறியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து, மலாயாவுக்குக் கப்பலேறியவர் அவர். புறப்படும்போது மூத்த மகளாகிய என் தாயார் அஞ்சலைக்கு நடக்கிற வயது. மனைவி மீண்டும் கருவுற்றிருந்தார். அவர் போன சில மாதங்களில் அவரைப் பெற்ற தாய் காத்தாயி இறந்துபோனார். துக்கம் ஆறுவதற்குள் இரண்டாவது பெண் பிறந்தது. இரண்டு செய்தியையும் ஒரே கடிதத்தில் எழுதி அனுப்பினார்கள். பதில் வரவில்லை. ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கினான். அத்தோடு எல்லாம் அறுந்தது. போர் முடிந்து பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் திரும்பி வந்தார்கள். இவர் வரவில்லை.

தேடவில்லையா என்று கேட்பீர்கள். தேடினார்கள். அதில் நேர்ந்த கூத்தை என்னவென்று சொல்வது?

மனுப் போடுவதற்காக அவர் மனைவி, அதாவது என் அம்மாச்சி, நகரத்துக்குப் போனார். புருஷன் பெயர் என்ன என்று குமாஸ்தா கேட்டார். புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அன்று எங்கள் பெண்களிடம் ஏது? “எங்க ஊரு சாமி பேருங்க” என்றாராம். குமாஸ்தா விவரம் தெரிந்தவர். எங்கள் ஊர்ப் பெரிய கோயில் சாமி நாகநாதர் என்பது அவருக்குத் தெரியும். நாகநாதன் என்று எழுதி அனுப்பிவிட்டார். அம்மாச்சி சொன்னது ஏரிக்கரையில் அரிவாளோடு நிற்கும் வீரையனை! எங்கள் ஆட்களுக்கு ஊர்ச் சாமி என்றால் அவர்தான். குமாஸ்தாவுக்கு அது எப்படித் தெரியும்? இல்லாத நாகநாதனை இரண்டு அரசாங்கங்கள் தேடின. நாகநாதன் என்று ஒரு சிப்பாய் எங்கள் ஊரிலிருந்து சேரவே இல்லை என்று பதில் வந்தது. அதுவும் உண்மைதானே?

அப்போது பிறந்த அந்த இரண்டாவது பெண்தான் என் சின்னம்மா. எண்பதைத் தாண்டிவிட்டார். என் தாயார் போய்ச் சேர்ந்துவிட்டார்; இவர் இருக்கிறார். அப்பன் முகம் பார்க்காத பெண், பிறந்ததும் அப்பனைத் தொலைத்த ராசிக்காரி என்று ஊர் இவரைப் பேசாத பேச்சில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுக் காபியைக் கூடக் குடிக்காமல் போயிருக்கிறார்கள்.

சின்னம்மா என்னிடம் ஒரு தடவைகூட, அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டதில்லை. கேட்டதெல்லாம் வேறு. நான் பத்திரிகையைக் கையில் எடுத்தால் போதும், அந்தக் கேள்வி வரும்.

“நான்னு ஒருத்தி பொறந்தது எங்க அப்பாவுக்குத் தெரியுமாடா?”

எந்தப் பத்திரிகையில் இதற்குப் பதில் போட்டிருக்கும்?

இப்போது அந்த அழைப்புக்கு வருகிறேன். காலையில் குளித்துவிட்டு வந்தேன். தெரியாத எண். எடுத்தால் ஒரு பெண் குரல்.

“ஐயா, வணக்கம். பசியாறிட்டீங்களா? நான் மலேசியாவிலேர்ந்து பேசுறேன், ஈப்போ. பேரு தேன்மொழி. பத்திரிகை ஆபீஸ்ல உங்க நம்பர் வாங்கினேன்.”

“சொல்லுங்கம்மா.”

“நீங்க எழுதின வீரையன்... இடது கை சுண்டுவிரல் பாதி இருக்காதுன்னு போட்டிருந்தீங்க.”

“ஆமாம்மா. கதிரறுப்புல கருக்கருவா வெட்டினது.”



“எங்க தாத்தாவும் அதைத்தான் சொல்வாராம். கருக்கருவான்னா என்னான்னு இங்க யாருக்கும் தெரியாதுங்கய்யா. ரப்பர் மரம் சீவுற கத்தின்னு நெனச்சுட்டோம்.”

நான் நின்றபடியேதான் பேசினேன். உட்கார மறந்துவிட்டது. ஊர்ப் பெயர் பொருந்தியது. வீரையனின் தகப்பனார் பெயரும் பொருந்தியது. தேன்மொழி ஒரு படம் அனுப்பினார். ரப்பர்த் தோட்டத்து வீட்டு வாசலில் ஒரு பெரியவர். சின்னம்மாவின் நெற்றியை அப்படியே எடுத்து ஆணுக்கு வைத்ததுபோல இருந்தது. போருக்குப் பின் அங்கேயே தோட்ட வேலை, அங்கேயே திருமணம், மூன்று பெண்கள். அவர் இறந்தும் பல காலம் ஆகிவிட்டது. இங்கே ஒரு குடும்பம் இருந்ததை மனைவியிடம்கூட அவர் வாய் திறந்து சொன்னதில்லை. என் கட்டுரையைப் படித்துத்தான் அவர்களுக்கே தெரியும்.

ஏன் திரும்பி வரவில்லை? அது அவர்களுக்கும் தெரியவில்லை.

அன்று முழுவதும் நடந்தேன். சின்னம்மாவின் மகன் செல்வராசு நடவு வயலில் நின்றான். வரப்பிலேயே வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

“அம்மாகிட்ட சொல்லிடாதீங்கண்ணே. தாங்காது.”

“தாங்கும்டா.”

“தாங்குனாலும் சொல்லாதீங்க. இந்த ஒன்றரை மா நெலம் இருக்கே, இதோட பட்டா இன்னும் தாத்தா பேருலதான் கெடக்கு. வாரிசுன்னு மூணு பேரு வந்து நின்னா?”

“ஒன்றரை மாவுக்கு ஈப்போவிலேர்ந்து ஏரோப்ளேன் ஏறி வருவாங்களாடா?”

“நம்ம ஊரு ஆளு பெத்த புள்ளைங்கதானே... வருவாங்க.”



ஆனால் என்னை அலைக்கழித்தது நிலம் அல்ல. சின்னம்மாவின் கேள்விக்கு மட்டும் இன்னமும் பதில் இல்லையே! அந்த ஒரே கடிதம் அவர் கைக்குக் கிடைத்ததா, கடலில் போயிற்றா? மறுநாள் தேன்மொழியை நானே கூப்பிட்டேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, அங்குள்ள மூன்று பெண்களின் பெயர்களைக் கேட்டேன்.

“எங்க அம்மா சரஸ்வதி. அடுத்து லெட்சுமி சித்தி, பார்வதி சித்தி.”

“ஒருத்தருக்கும் காத்தாயின்னு வைக்கலையாம்மா?”

இது ஏன் என் வாயில் வந்தது என்றால், எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. ஒருவனுக்குப் பெண்கள் பிறந்தால், அவனைப் பெற்றவளின் பெயரை அவர்களில் ஒருத்திக்கு வைப்பார்கள். மாமியார் உயிரோடு இருக்கையில் மட்டும் வைக்க மாட்டார்கள். வைத்தால் மருமகள் குழந்தையை எப்படித் திட்டுவாள்? “அடி காத்தாயி, சனியனே” என்று ஒரு குரல் கொடுத்தால் உள்ளே இருக்கும் மாமியார் எழுந்து வந்துவிட மாட்டாரா? அதனால்தான் மூத்தவர் அஞ்சலை ஆனார். மாமியார் காலமான பிறகு பிறந்த சின்னம்மாவுக்கு அந்தப் பெயர் கிடைத்தது. ஒருத்திக்கு வைத்துவிட்டால், அவன் பெறும் மற்றொரு பெண்ணுக்கு அதை வைப்பதில்லை.



“அந்தப் பேரு எங்க வீட்டுல பெரிய சண்டைங்கய்யா. எங்க அம்மா பொறந்தப்போ அதைத்தான் வைக்கணும்னு பாட்டி கேட்டாங்களாம். தாத்தா விடலை. சித்திங்க பொறந்தப்பவும் விடலை.”

“ஏனாம்?”

“‘அந்தப் பேரு ஊருல இருக்கு, வேற வை’ன்னு ஒரே பேச்சாம். மேல கேட்டா எழுந்து வெளியில போயிடுவாராம்.”

“அவரோட அம்மா உயிரோட இருக்கறதா நெனச்சிருப்பாரோ?”

“இல்லையே. ஆடி அமாவாசைக்கு அவங்க அம்மாவுக்குப் படைப்பாரே! செத்தவங்க பேரு ஊருல எப்படி இருக்கும்னு பாட்டி கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க.”

நான் உட்கார்ந்தேன். முதல் அழைப்பு வந்ததிலிருந்து இப்போதுதான் முழுதாக உட்கார்ந்தேன்.

அந்த அம்மையாருக்குப் புரியாமலே போனது எனக்குப் புரிந்துவிட்டது. தாய் இறந்தது அவருக்குத் தெரியும், ஆகையால்தான் படைத்தார். அந்தப் பெயர் உயிரோடு நடமாடுவதும் தெரியும். ஆகையால்தான் இன்னொருத்திக்கு வைக்க விடவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது. பார்த்தே இராத மகளுக்காக, அவளுடைய பெயரை மட்டும் அந்த மனிதர் யாருக்கும் கொடுக்காமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

நல்ல செய்திதானே? ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியதுதானே? எழுந்தேன்... மறுபடியும் நடக்க ஆரம்பித்துவிட்டேன். தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வரவில்லை. தெரியாமலே போய்விட்டாரோ என்று எண்பது வயது வரை சுமந்தவரிடம், இந்தப் புதுச் சுமையை எந்த முகத்தோடு இறக்கி வைப்பது?

சின்னம்மா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் மூன்றாம் முறையாக அந்த வீட்டைக் கடந்தபோது குரல் வந்தது.

“என்னடா, காலுல வெந்நியைக் கொட்டிக்கிட்டவன் மாதிரி தெருவை அளக்கறே? சொல்ல வந்ததைச் சொல்லிட்டுப் போ.”

சொன்னேன். எதையும் ஒளிக்கவில்லை. படத்தையும் காட்டினேன். அவர் கை கீரையை உருவுவதை நிறுத்தவேயில்லை. காம்பெல்லாம் ஒரு பக்கம், இலையெல்லாம் ஒரு பக்கம். கடைசி இணுக்கு முடிந்ததும் முறத்தைத் தள்ளி வைத்தார்.

“அந்தப் பொண்ணைக் கூப்பிடு. மூத்தவளை.”

வீடியோ கால் போட்டோம். செல்வராசு முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான். திரையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், அதே நெற்றி.

“அக்கா... பசியாறிட்டீங்களா?” என்றார் சரஸ்வதி அம்மாள்.

“அதெல்லாம் காலையிலயே ஆச்சு. மூஞ்சியைக் காட்டு ஆயி, மேல ஓடற ஃபேன்தான் தெரியுது.”

அங்கே யாரோ கைப்பேசியைச் சரிசெய்தார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். செல்வராசு கனைத்தான்.

“இவன் என் மகன்” என்றார் சின்னம்மா. “ஒன்றரை மாவை நீ தூக்கிட்டுப் போயிடுவியோன்னு நடுங்கறான்.”

“மா-ன்னா என்னங்க அக்கா?”

செல்வராசு என் தோளைப் பிடித்து அழுத்தினான். “மா-ன்னா என்னன்னே தெரியலண்ணே!” என்று காதோரம் கிசுகிசுத்தான். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

சரஸ்வதி அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சொன்னார்: “உங்க மேல எனக்குக் கோவம் அக்கா. எனக்கு வரவேண்டிய பேரை நீங்க எடுத்துக்கிட்டீங்க.”

சின்னம்மாவும் சிரித்தார்.

“பேரை நான் எடுத்துக்கிட்டேன். அப்பாவை நீ எடுத்துக்கிட்டே. போ... சரியாப் போச்சு.”

அங்கே சரஸ்வதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். இங்கே செல்வராசு வயலைப் பார்க்கப் போகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு வெளியேறினான். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் வெகுநேரம் பேசினார்கள். மூட்டு வலி, மழை, பேரப்பிள்ளைகள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தை மாதம் சரஸ்வதி அம்மாளும் தேன்மொழியும் இங்கே வருவதாக முடிவாயிற்று.

அழைப்பு முடிந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “மனசு ஆறிச்சா சின்னம்மா?” என்று கேட்டேன்.

“ஆறறதுக்கு இது என்னடா, கஞ்சியா?”

முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தவர், நிலைப்படியில் கையை ஊன்றியபடி நின்றார்.

“இத்தனை வருஷம் தெரியாம வராம இருந்தாரு. இன்னையிலேர்ந்து தெரிஞ்சே வராம இருக்காரு. அவ்வளவுதான்.”

அவ்வளவுதானா? எனக்கு விளங்கவில்லை. போரில் காணாமற்போனவர்களைத் தேடும்போது, ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் அலைச்சல் அடங்கிவிடும் என்று நம்பியிருந்தேன். அந்தப் பதில் கையோடு அடுத்த கேள்வியையும் அழைத்து வரும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இதை எழுதும்போதுகூட இரண்டு முறை எழுந்து வாசல் வரை போய்வந்தேன்.

அன்று உள்ளே போன சின்னம்மா மறுபடி எட்டிப் பார்த்தார். “எழுதுவேதானே? எழுதினா பேருங்களைச் சரியாப் போடு. மொதத் தடவை அந்தக் குமாஸ்தா எழுதின மாதிரி ஆயிடப்போவுது.”

ஆகவே, சரியாகப் போடுகிறேன். சிப்பாயின் பெயர் வீரையன், நாகநாதன் அல்ல. அவருடைய மகள்கள் அஞ்சலை, காத்தாயி, சரஸ்வதி, லெட்சுமி, பார்வதி. ஒரு தகப்பனின் ஐந்து பெண்களும் ஒரே இடத்தில் எழுதப்படுவது இதுவே முதல் முறை. ஐயா, அம்மணி, தங்கள் வீட்டில் இடமிருந்தால் இந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பத்திரமாக வைத்திருங்கள்.