மூடாமல் விட்ட குழிகள்

பாச்சலூருக்கு மேலே, ஜீப் இறக்கிவிடும் இடத்திலிருந்து ஒரு மேடு ஏறினால் பளியர் குடியிருப்பு வரும். அங்கே வாழ்கிற மணிமேகலை காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் பழம் பறிப்பவள். விடுதியில் தங்கிப் பத்தாவது வரை படித்தவள். எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பமாட்டாள். தீப்பெட்டி வாங்கினால்கூடக் குச்சிகளை எண்ணிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள் என்று ஊரில் கேலி உண்டு.

அந்தக் குணத்துக்காகவே கிராம சபை அவளைக் கிழங்குக் கணக்குக்குத் தேர்ந்தெடுத்தது. கல்லாற்றுச் சரிவில் காட்டுவள்ளிக் கிழங்கு தோண்டிச் சாப்பிட பளியர் குடும்பங்களுக்கு உரிமை உண்டு. காப்பிப் பறிப்பு முடிந்து கூலி ஓய்கிற மாசி, பங்குனியில் பிள்ளைகளின் பசியை ஆற்றுவது அந்தக் கிழங்குதான். எத்தனை குழி தோண்டினார்கள் என்று வருஷந்தோறும் வன அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சரிவில் கொடி குறைந்தால் தோண்டுவதை நிறுத்திவிடுவதாகச் சபையே ஒப்புக்கொண்டிருந்தது.

கிழங்கை எடுத்ததும், கொடி முளைக்கிற தலையை நறுக்கி, அதே குழியில் வைத்து மண்ணை மூடிவிடுவது அவர்கள் வழக்கம். கோடைமழைக்கு அது மறுபடி துளிர்க்கும். ஆனால் மூடிய குழியை எப்படி எண்ணுவது? பிறர் வாய்ச்சொல்லை நம்பி எழுத மணிமேகலைக்கு மனம் வரவில்லை.

"இந்தத் தடவ ஒருத்தரும் குழிய மூடாதீங்க. நான் வந்து எண்ணிக்கிறேன். பெறகு தலைய வச்சு மூடலாம்" என்றாள்.

"பல்லுப் புடுங்குன வாயாட்டம் மலையத் தொறந்து போட்டுட்டு வரணுமா மதினி?" என்று கேட்டாள் வடிவு. அவள் மணிமேகலையின் கணவனுக்குத் தங்கை. இருவருக்கும் ஒரே வயது.

"ரெண்டு நாளுதானடி. நீ வாய மூடு."

"வாய மூடணும், குழிய மூடக் கூடாது. நல்ல சட்டம்!"

பெண்கள் சிரித்துக்கொண்டே தோண்டுகோலை எடுத்துக்கொண்டு போனார்கள். மணிமேகலையும் ஒரு குழி தோண்டினாள். அறுத்த தலையைக் குழியின் விளிம்பில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் அவள் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். திரும்பி வர இரண்டு வாரமாகிவிட்டது. வந்ததும் சரிவுக்கு ஓடினாள். குழிகள் வெயிலில் வாய் பிளந்து கிடந்தன. அவள் வைத்த தலை சருகாகிப்போயிருந்தது. மற்றக் குழிகளின் விளிம்பில் தலைகளையே காணோம். முள்ளம்பன்றி தின்றிருக்கும் என்று நினைத்தாள். குழிகளை எண்ணி, எழுதி, அலுவலகத்தில் கொடுத்தாள்.

ஊரில் யாரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் அவளை அறுத்தது. சரிவு முழுவதையும் தானே மலடாக்கிவிட்டோம், அடுத்த மாசிக்குப் பிள்ளைகள் எதைத் தின்னும் என்று வெந்தாள்.

சித்திரையில் மழை இறங்கியது.

"சரிவுக்குப் போவம் மதினி, வெரசாக் கெளம்பு" என்று வந்து நின்றாள் வடிவு.

"எனக்குச் சோலி கெடக்கு."

"அப்படி என்ன சோலி? குச்சி எண்ணுறதா?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனாள். எப்போதும்போல மேலிருந்து கீழாக இறங்கினார்கள். ஒவ்வொரு குழியாக எட்டிப் பார்த்தாள் மணிமேகலை. மழைத்தண்ணீரும் அதில் ஒரு துண்டு வானமும் மட்டுமே இருந்தன. குனிந்த தலையோடு கல்லாற்றை அடைந்தாள்.

"இப்பத் திரும்பிப் பாரு" என்றாள் வடிவு.

பார்த்தாள். தோண்டிப்போட்ட மண் ஒவ்வொரு குழிக்கும் கீழ்ப்பக்கம் திட்டாகக் கிடந்தது. மேலிருந்து வருகிறவர் கண்ணுக்கு அதன் மறுபுறம் தெரியாது. அந்த மறுபுறத்தில்தான் கொடிகள் எழுந்திருந்தன. செம்பு நிறத்தில், நூல்போல, நுனியை ஆட்டிப் பற்றுக்கோல் தேடிக்கொண்டிருந்தன. சில காய்ந்த குச்சியைச் சுற்றியிருந்தன. சில ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஏறின. மூட்டம் விலக விலக, மலையே மண்ணை உதறிக்கொண்டு எழுந்து நிற்பதுபோல் இருந்தது. கிழங்கு அகழ்ந்த குழியில் வள்ளி பிறந்தாள் என்று பழனியில் கேட்டதை அதுவரை கதையாகத்தான் வைத்திருந்தாள். இப்போது அவள் கை தானாகக் குவிந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, எண்ண மறந்து நின்றாள்.

"குழியத் தொடல மதினி. தலைய வெயில்ல போட்டுட்டு வர எங்களுக்கு மனசு ஆகல. அன்னைக்கே தோண்டிப்போட்ட மண்ணுக்குள்ள வச்சுட்டோம்."

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"நீதான் எழுதிக் குடுத்துட்டியே. உன் பேச்ச மீறுனோம்னு சொன்னா நீ குடுத்த கணக்குப் பொய்யாயிருமோன்னு பயந்துகிட்டுக் கெடந்தோம்."

பிறகு மணிமேகலை கீழிருந்து மேலே ஏறினாள். ஒவ்வொரு கொடியாகத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். உச்சிக்குப் பக்கத்தில் ஒரு குழியின் திட்டு மட்டும் வெறுமையாக இருந்தது.

"இது என் குழி" என்றாள்.

"உன் சட்டத்த நீ ஒருத்திதான் காப்பாத்தியிருக்க!"

வடிவு சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். இருவரும் குனிந்து கையாலேயே மண்ணைத் தள்ளி அந்தக் குழியை மூடினார்கள்.

மறுநாள் மணிமேகலை அலுவலகத்துக்கு இன்னொரு தாள் கொண்டுபோனாள். குழிக்கணக்கு முன்பு கொடுத்ததுதான். கொடிகள் அதைவிட ஒன்று குறைவு. அந்தக் குறை மணிமேகலை தோண்டிய குழியில். இனி அன்றன்றே மூடிவிடுவோம், மழைக்குப் பின் கொடியை எண்ணித் தருவோம் என்று அதில் எழுதியிருந்தது.