நாங்கள் வெட்டிய ஜீப்

மூன்று வருடத்துக்கு முந்திய வைகாசி மாதம், நெடுந்தீவில் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது இது. சொல்ல வெட்கமான கதைதான். ஆனால் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்து களைத்துப் போனேன்.

என் கணவர் பதினைந்து வயதில் கடலுக்குப் போகத் தொடங்கியவர். வலை இழுத்து இழுத்து முதுகுத் தட்டு விலகிவிட்டது. இனிமேல் பாரம் இழுத்தால் காலே இயங்காமல் போகலாம் என்று யாழ்ப்பாணத்தில் டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடல் இல்லையென்றால் எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது? கடைசியில் படகையும் எஞ்சினையும் விற்று ஒரு பிக்கப் வாங்குவது என்று முடிவெடுத்தோம். மேற்குக் கரையில் தொழில் செய்கிறவர்களின் மீனை ஐஸ் போட்டு ஏற்றி, காலைப் படகு வெளிக்கிட முன்னம் இறங்குதுறையில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். எங்கள் தீவில் வாகனங்கள் குறைவு, அதனால் தொழில் நன்றாக நடக்கும் என்று நம்பினோம்.

பிக்கப்பின் விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. அந்த நேரம் கடலுக்கு அக்கரையில், புளியங்கூடலில் ஒரு வீட்டு முற்றத்தில் பழைய ஜீப் ஒன்று விலைக்கு நின்றது. வெளிநாடு போனவர்கள் விட்டுப் போனது. எஞ்சின் நல்லது, பார்க்கவும் கம்பீரம். பின்பக்கத்தை வெட்டி, சீற்றுகளைக் கழற்றி, தகரத்தால் பெட்டி அடித்துவிட்டால் பிக்கப்தானே என்றேன். ஓம், அந்த யோசனை என்னுடையதுதான். வேறு ஒருவர் தலையிலும் நான் அதைக் கட்டமாட்டேன்.

இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, அந்த ஜீப்பைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தோம். அரைவாசி ஊர் துறையில் வந்து நின்றது. புதுப் படகுக்குச் செய்கிற மாதிரியே ஃபாதர் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். எனக்கு இருந்த பெருமையைக் கேட்கவா வேண்டும்!

வெட்டுகிற வேலைக்கு எங்கள் படகுகளைத் திருத்துகிற ஓடாவியைத்தான் பிடித்தோம். மரவேலையும் தெரியும், வெல்டிங்கும் தெரியும், நல்ல மனிதர். ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்தார். "வள்ளத்துக்கு ஏரா இருக்கிற மாதிரி இதுக்கும் அடியில ஒண்டு இருக்கும். மேல எவ்வளவு வெட்டினாலும் அது தாங்கும்" என்றார். ஏரா என்றால் வள்ளத்தின் அடியில் நீளத்துக்கு ஓடுகிற முதுகுக்கட்டை. அது பழுதில்லை என்றால் மேல் பலகை முழுவதையும் கழற்றி மாற்றலாம். கடற்கரையில் பிறந்த எங்களுக்கு அதில் என்ன சந்தேகம் வரும்? ஒருவரும் குனிந்து அடியில் பார்க்கவில்லை.

அடுத்த வளவுக்காரர் மட்டும் பார்த்திருக்கிறார். வன்னிப் பக்கம் இருபது வருடம் லொறி ஓடிவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அவருடைய மாடு எங்கள் மதிலின் கல்லைச் சரித்துக்கொண்டு வந்து என் கத்தரிக் கன்றுகளைத் தின்றதில் வந்த கோபத்தில், அந்த வீட்டோடு எனக்கு ஒரு வருடமாகப் பேச்சில்லை. வெட்டுவதற்கு முதல்நாள் என் கணவர் கோயிலடிக்குப் போயிருந்தார். அந்த மனிதர் படலைக்கு வெளியே நின்றபடி கூப்பிட்டார்.

"தங்கச்சி, தயவுசெய்து அதை வெட்டாதேங்கோ. பெரிய ஜீப்புகள் மாதிரி இதுக்கு அடியில தனி இரும்புச் சட்டம், சேசிஸ், இல்லை. கூரையும் பக்கமும் சேந்துதான் தாங்குது. வெட்டினா, பாரம் ஏத்த நடுவில மடங்கிப் போடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வாசலில் நாலு சில்லு வந்து நின்றது இவருக்குக் கண்ணைக் குத்துகிறது என்றுதான் நினைத்தேன்.

"முதல்ல உங்கட மாட்டைக் கட்டி வையுங்கோ அண்ணை. எங்கட ஜீப்பை நாங்கள் பாப்பம்."

அவர் திரும்பிப் போய்விட்டார். என் கணவரிடம் இதை நான் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. அவருக்கு அந்த மனிதரில் மதிப்பு. சொன்னால் வேலையை நிறுத்திவிடுவார் என்று தெரிந்தேதான் சொல்லவில்லை.

இரண்டு நாளில் வெட்டி முடித்து, பெட்டியும் அடித்து நீலப் பெயின்ற் பூசினோம். வெறும் வண்டியாக ஓடும்போது ஒரு குறையும் தெரியவில்லை. முதல் பாரம் ஏற்றிய காலை நானும் நல்ல சாறி ஒன்றை உடுத்துக்கொண்டு முன் சீற்றில் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் ஐஸும் மீனுமாக ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பாதிவழியில் ரோட்டுக் கிடங்கு ஒன்றில் சில்லு விழுந்து எழும்பியது. முதுகுக்குப் பின்னால் தகரம் கிழிகிற சத்தம். எங்கள் இருக்கை கீழே இறங்கியது, முன் கண்ணாடி வெடித்தது, வண்டி அப்படியே நின்றுவிட்டது.

கதவைத் திறக்கப் பார்த்தால் இரண்டு பக்கமும் இறுகிப்போய்விட்டன. ஓடிவந்த ஆட்கள் யன்னலால்தான் எங்களை இழுத்து எடுத்தார்கள். முதுகு ஏலாத மனிதரை அப்படி இழுக்கும்போது அவர் கத்திய சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. வெளியே நின்று பார்த்தேன். முன்பக்கமும் பின்பக்கமும் உயர்ந்து, நடுவயிறு நிலத்தில் முட்டிக்கொண்டு கிடந்தது நாங்கள் விற்ற படகு, எஞ்சின், எல்லாம். ஐஸ் கரைந்து ரோட்டில் ஓடியது. காலைப் படகு போய்விட்டது.

யாரோ சொல்லி அடுத்த வளவுக்காரர் சைக்கிளில் வந்தார். "நான் சொன்னனான் எல்லோ" என்று நாலுபேர் முன்னால் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ நேரே ரோட்டில் மல்லாக்கப் படுத்து, அடியில் தலையை விட்டுப் பார்த்தார். எழும்பிக் கையைத் தட்டினார்.

"இனி ஏலாது தம்பி. ஒட்டினாலும் நிக்காது."

ரோட்டோரம் குந்தியிருந்த என் கணவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் லொறி ஓடினனீங்கள் அண்ணை. வெட்ட முன்னம் உங்களை ஒருக்காக் கூப்பிட்டுக் காட்டியிருந்தா, தெரிஞ்சிருக்குமோ?"

அவர் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான்.

"இல்லைத் தம்பி" என்றார். "எனக்கும் தெரிஞ்சிராது. இது வெட்டினாப் பிறகுதான் ஆருக்கும் தெரியும்."

ஐயோ, அவர் என்னை அந்த இடத்தில் நாறப் பேசியிருக்கலாம். நான் அழுது, கும்பிட்டு, எல்லாவற்றையும் சொல்லி முடித்திருப்பேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் வாய் திறக்காமல் நின்றேன்.

ஜீப்பைப் பழைய இரும்புக்காரர் துண்டுதுண்டாக எடுத்துக்கொண்டு போனார்கள். என் கணவர் இப்போது இடுப்பில் பெல்ற் இறுக்கிக்கொண்டு, இன்னொருவர் படகில் கூலிக்குப் போகிறார். டொக்டர் வேண்டாம் என்ற அதே வலையைத்தான் இழுக்கிறார். வலது கால் மரத்துப்போகத் தொடங்கிவிட்டது. தொழில் முடிந்து வந்தால் குசினி வாசல்படியைக்கூட என் தோளைப் பிடித்துத்தான் ஏறுகிறார். எண்ணெய் தேய்த்துவிடும்போது எனக்குக் கண்ணீர் வந்துவிடும். ஜீப்பை நினைத்து அழுகிறேன் என்று எண்ணிக்கொண்டு அவர் என்னைத் தேற்றுவார்: "விடுமப்பா, லொறி ஓடின அண்ணைக்கே தெரியேல்லை, உமக்கு எப்பிடித் தெரியும்?" அந்த ஒரு வார்த்தையைக் கேட்கிற ஒவ்வொரு நாளும் நான் குனிந்து அவருடைய காலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறேன், உண்மையைச் சொல்ல இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.