எங்கள் தெருவுக்கு நடுவே ஒரு கோடு

மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் தெருவுக்கு நடுவே ஒரு கோடு வரக்கூடும் என்று உயர்நிலைப் பள்ளியிலிருந்து வந்த தாள் சொன்னது. எதிர்ப்பக்கம் ஸோனுக்கு, அதாவது பள்ளியின் சேர்க்கை எல்லைக்கு, உள்ளே; எங்கள் பக்கம் வெளியே. உள்ளே இருக்கிற பிள்ளைக்குப் பள்ளியில் இடம் நிச்சயம். வெளியே என்றால் சீட்டுக் குலுக்கல். மகள் அடுத்த ஆண்டு அங்கே சேர வேண்டியவள்.

அந்தக் கிழமை முழுக்க என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தேநீர் ஊற்றுவேன், குடிக்க மறப்பேன். யன்னல் திரையை விலக்கித் தெருவைப் பார்ப்பேன். மழை தெரியும், தார் தெரியும், சரிந்து கிடக்கிற குப்பைத் தொட்டி தெரியும். கோடு மட்டும் தெரியாது.

எதிர்வீட்டுக் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதில் ஒரு நட்டமும் இல்லை. ஆனாலும் கோட்டைப் பற்றிப் பேசப் பள்ளியில் நடந்த கூட்டத்துக்கு என்னோடு கூடவே வந்தார்கள்.

“பேசாம எங்க அட்ரஸைக் குடுத்துடுங்கக்கா. பாப்பா எங்க மாடியில இருக்கட்டும்” என்றார் கணவர்.

“நமக்கு ஏதுங்க மாடி? கராஜ்னு சொல்லுங்க” என்றாள் மனைவி.

பள்ளி நூலகத்தில் நிர்வாகச் சபை கூடியிருந்தது. யாரும் போய் இருந்து கேட்கலாம். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பின்வரிசையை நிரப்பின. சபையினர் கூரை ஒழுக்கைப் பற்றிக் கதைத்தார்கள், நீச்சல் குளத்தைப் பற்றிக் கதைத்தார்கள். ஸோன் என்ற சொல் வந்ததும் தலைவி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இந்தப் பகுதியைப் பொதுமக்கள் இல்லாமல் பேசப்போகிறோம் என்று இனிமையாகச் சொன்னார்.

வரிசை முழுவதும் எழும்பிவிட்டோம். எழும்பியது மட்டுமா? கோயில் மண்டபத்திலும் தமிழ்ப் பள்ளியிலும் பழகிய கைகள்; கூட்டம் கலைந்தால் கதிரைகளை அடுக்காமல் போகத் தெரியாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் தள்ளினோம். தலைவி நன்றி சொன்னார். நாங்களும் அவருக்கு நன்றி சொன்னோம்! கதவு சாத்தப்பட்டது.

நடைக்கூடத்தில் என் சப்பாத்துகள் கீச்சிட்டுக்கொண்டே இருந்தன. இந்த முனை, அந்த முனை. கதவின் கண்ணாடியில் திரை தெரிந்தது, திரையில் வரைபடம். யாரோ எழுந்துபோய் எங்கள் தெருவை விரலால் தடவினார்.

“ஏன் எங்களை வெளியில விட்டவை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே” என்றேன்.

“அக்கா, அதெல்லாம் கேக்கலாமா?” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

“கேட்டா என்ன, நாடு கடத்திடுவாங்களா?” என்றாள் அவர் மனைவி. “விசா ஆபீஸ்ல நின்னு நின்னு, யார் ‘போ’ன்னாலும் போயிடற காலுங்க நமக்கு.”

என் கால்கள் அப்போதே கதவை நோக்கித் திரும்பியிருந்தன. தட்டினேன். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனேன். எங்களை வெளியே அனுப்பியதற்கு என்ன காரணம் என்று கேட்டேன்.

தனிப்பட்டவர்களின் விவரங்கள் இருக்கின்றன என்றார் தலைவி.

யாருடைய விவரங்கள்? திரையைக் காட்டினேன். அங்கே தெருக்கள் மட்டும்தான் இருந்தன.

மேசைக் கோடியில் இருந்த ஒருவர், தலையை நிமிர்த்தாமலே, வரைபடத்தை மூடிவைக்கக் காரணம் எனக்கும் தெரியவில்லை என்றார். தலைவி இருபக்கமும் பார்த்தார். இன்று முடிவெடுப்பதில்லை, அடுத்த கூட்டத்தில் இதை எல்லோர் முன்னாலும் பேசி வாக்கெடுப்போம் என்று தீர்மானமாயிற்று.

வீட்டுக்கு வந்தபோது மகள் வாசலிலேயே நின்றாள்.

“சோ, ஆம் ஐ இன்?”

“தெரியாதம்மா. ஆனா இனி எங்களுக்கு முன்னாலதான் கதைப்பினம்.”

“அண்ட் இஃப் தே ஸ்டில் சே நோ?”

குனிந்து சப்பாத்துகளைக் கழற்றி வாசலோரம் வைத்தேன்.

“அப்ப ஆர் ஆர் கை தூக்கினவை எண்டு பாப்பன்” என்றேன்.

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. எனக்கும்தான்.